வில்ஃப் ஓல்ட்ராய்டின் நூறு ஆட்டங்கள்

ரக்பி கிளப் வில்ஃப் ஓல்ட்ராய்டுக்கு இருநூற்றைம்பது பவுண்டு பாக்கி வைத்திருந்தது. 1955-இல் கையெழுத்துப் போட்டபோது பேசிய ஐந்நூறில் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதி முதல் அணியில் நூறு ஆட்டம் முடித்த பிறகு என்றார்கள். நடுவில் வெளியே போனால் அந்த ஆட்டம் கணக்கில் சேராது.

வாரநாளெல்லாம் யார்க்‌ஷயர் நிலக்கரிச் சுரங்கம், சனிக்கிழமை ரக்பி. ஜெயித்தால் எட்டு பவுண்டு, தோற்றால் மூன்று. வில்ஃப் ஹாஃப்பேக், பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன். பதின்மூன்று பேரில் அவன்தான் குள்ளன். ஆனால் மற்ற பன்னிரண்டு மலைகளும் அவன் கைகாட்டிய பக்கம்தான் ஓட வேண்டும். அவனைப் போல ஒருத்தன் அந்த ஊரில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். முப்பது வருஷம் வேலியோரம் மழையில் நின்ற கண் போதும்.

எண்பத்துநாலாவது ஆட்டத்தில் எவனோ ஒருவனுடைய பூட்ஸ் ஆணி வில்ஃபின் இடது கண்ணில் இறங்கியது. அந்தக் காலத்தில் ஒருவன் வெளியே போனால் பதிலுக்கு ஆள் இறக்க முடியாது. பச்சைத் தண்ணீரில் துடைத்துக்கொண்டு கடைசிவரை ஆடினான். புதன்கிழமைக்குள் அந்தக் கண்ணில் சாம்பல் நிறத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

சுரங்கத்துக் குளியலறையில் கிளிஃப் மொக்சனிடம் மட்டும் சொன்னான். கிளிஃப் அதே அணி, சுரங்கத்திலும் அதே ஷிஃப்ட்.

"டாக்டர்கிட்ட போடா."

"போனா கண்ணு போச்சுன்னு எழுதிக் குடுத்துடுவான். ஆட்டமும் போச்சு, சுரங்கமும் போச்சு. இன்னும் பதினாறே ஆட்டம்டா."

"அப்புறம் என்ன, ராஜாவா ஆகப்போறியா?"

"சந்தை முக்குல மீன் பொரிக்கிற கடை கைமாறுது. முன்பணம் இருநூறு. சாகுறவரைக்கும் தரைக்கு மேல, வெளிச்சத்துல இருக்கலாம்."

கிளிஃப் முதுகைத் தேய்த்துக்கொண்டே யோசித்தான். "சரி, உன் இடப்பக்கம் நான் ஓடி வர்றேன். நான் கூப்பிட்டா மட்டும் பந்தைப் போடு. பொண்டாட்டி பேச்சைத்தான் கேக்க மாட்டே, என் பேச்சையாவது கேளு."

பதினைந்து ஆட்டம் அப்படியே ஓடியது. கிளிஃப் குரல் கொடுப்பான். வில்ஃப் திரும்பிப் பார்க்காமலே பந்தைத் தள்ளுவான். அது மார்பில் போய் உட்காரும். வேலியோரம் நின்றவர்கள் சொக்கிப்போனார்கள். "பாக்காமலே போடுறான்யா, என்னா திமிரு!" உள்ளூர்ப் பத்திரிகைகூடப் புகழ்ந்து எழுதியது.

தொண்ணூற்றொன்பதோடு நின்றது. வியாழன்தோறும் பத்திரிகைக் கடைச் சன்னலில் ஒட்டும் அணிப் பட்டியலில் இரண்டு வாரம் அவன் பெயர் இல்லை. கிளப் செயலர் ராம்ஸ்டனின் அறைக்கே போனான்.

"களைப்பா தெரியுறியேப்பா. கொஞ்சம் ஓய்வெடு."

"களைப்பு எனக்கா, உங்க கல்லாப்பெட்டிக்கா சார்?"

ராம்ஸ்டன் கண்ணாடியைத் துடைத்தார். ஆனால் அந்தச் சனிக்கிழமையே, வில்ஃபின் இடத்தில் இறக்கிய புதுப் பையனின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஊரில் வேறு ஹாஃப்பேக் கிடையாது.

நூறாவது ஆட்டம் பக்கத்து ஊர்க்காரர்களோடு. பதினோராயிரம் பேர். முடிய ஆறு நிமிடம் இருக்கும்போது பந்து வில்ஃபின் கையில். வலது பக்கமிருந்து இரண்டு பேர் அவன் தலையைக் குறிவைத்து வருவது நல்ல கண்ணில் தெரிந்தது. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அடியைத் தானே வாங்கியிருக்கலாம். எத்தனையோ முறை வாங்கியவன்தான். இன்றைக்கு வாங்கினால் தூக்கிக்கொண்டு போவார்கள், தொண்ணூற்றொன்பதோடு தீர்ந்தது. இடது பக்கம் குரல் வரவில்லை. காத்திருக்காமல் பந்தை அந்தப் பக்கம் உயரத் தூக்கிப் போட்டான்.

கிளிஃப் அங்கேதான் இருந்தான். அவன்மேல் பாயத் தயாராக மூன்று பேர் நெருங்கியிருந்ததால்தான் அவன் வாய் திறக்கவில்லை. வந்த பந்தை விட மனமில்லாமல் இரண்டு கையையும் மேலே நீட்டினான். திறந்த விலாவில் ஒருவன், முதுகில் இருவர் மோதினார்கள். ஆட்டம் முடிகிறவரை வில்ஃப் தன் காலில் நின்றான். கிளிஃப் அதன் பிறகு நிற்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் கிளிஃப் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான்.

"நான் கூப்பிடவே இல்லையேடா."

"இல்ல."



ராம்ஸ்டன் செவ்வாய்க்கிழமை, முணுமுணுக்காமல், ஐந்து பவுண்டு நோட்டு ஐம்பது கொடுத்து ரசீது வாங்கிக்கொண்டார். வில்ஃப் நேரே மொக்சன் வீட்டுக்கு நடந்தான். வழியெல்லாம் ஒரு கணக்குப் போட்டான்: கடைக்கு இருநூறு, இவர்களுக்கு ஐம்பது. ஐம்பது என்றால் சின்னத் தொகையா?

கிளிஃபின் மனைவி நெல்லி சட்டி பானைகளைத் தேயிலைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுரங்கத்து வீடு, சுரங்கத்துக்குப் போகிறவனுக்குத்தான்.

"குடுத்துட்டானா?"

"குடுத்துட்டான்."

"கண்ணு விஷயம் அவர் எங்கிட்ட அன்னிக்கே சொல்லிட்டாரு. ஊர்ல யார்கிட்டயும் நான் வாய் தொறக்கல." ஈரக் கையை இடுப்பில் கட்டிய ஏப்ரனில் துடைத்துவிட்டு நீட்டினாள்.

வில்ஃப் ஒவ்வொரு நோட்டாக எண்ணி வைத்தான். பத்தில், ஐம்பது பவுண்டு ஆனதும், நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை, நோட்டைப் பார்த்தாள். கை மூடவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று ஆரம்பித்தான். முப்பதில் அவன் குரல் உள்ளே போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. ஐம்பதாவது நோட்டையும் அந்த உள்ளங்கையில் வைத்தான்.