லக்ஷ்மி ரோடு வழியாகப் போன மோர்ச்சா

எனக்கு நினைவு தெரிந்து நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது ஒரு ஜோடி ஷூவைப் பார்த்துத்தான். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் குதிகாலில் சிவப்பு விளக்கு மின்னும் ஷூ. அது என் சித்தி மகளுடையது. அவள் என்னைவிடச் சில மாதம் இளையவள், ஆளும் சின்னவள். என் துரதிர்ஷ்டமே அதில்தான் இருந்தது. மற்ற வீடுகளில் வசதியான சொந்தக்காரப் பிள்ளைகள் போட்டுக் கழித்ததாவது எங்களைப் போன்றவர்களுக்கு வந்து சேரும். இவள் கால் என் காலைவிடச் சிறியது, இடுப்பு என் இடுப்பைவிடச் சிறியது. அவளுடைய எதுவும் எந்தக் காலத்திலும் எனக்கு வராது என்பதை ஒன்பது வயதிலேயே தெளிவாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

நாங்கள் இருந்தது புனேயில், கிர்க்கியில். அப்பாவுக்கு வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு அறை. எங்கள் வரிசையில் பாதிப்பேர் வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து வந்தவர்கள், மீதிப்பேர் மராட்டிக்காரர்கள். சித்தி இருந்தது விமான் நகரில். சித்தப்பா விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஹோட்டலில் மேனேஜர். கிர்க்கிக்கும் விமான் நகருக்கும் தூரம் ஒன்றும் அதிகமில்லை. ஆனால் தீபாவளி சமயத்தில் அது எனக்கு வெளிநாடு.

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் ஆளுக்கு ஒரு புதுத்துணி, அம்மா சுடுகிற முறுக்கு, பக்கத்து வீட்டு மராட்டிப் பையன்கள் முற்றத்து மண்ணில் கட்டும் கோட்டைக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றுவது, அவ்வளவுதான். சித்தி வீட்டில் தீபாவளி என்றால் அட்டைப்பெட்டி. வருஷத்துக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி அந்த வீட்டில் வந்து இறங்கும். ஒரு வருஷம் வாஷிங் மெஷின், ஒரு வருஷம் பாட்டுப் பெட்டி. பொருளை உள்ளே வைத்த பிறகும் சித்தி பெட்டியைக் கழிக்க மாட்டாள். ஃபிளாட் வாசலில் ஒரு வாரமாவது அது நிற்கும். மாடி ஏறி இறங்குகிறவர்கள் எல்லோரும் அதைச் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். அந்தக் காலத்தில் பேப்பரைப் பிரித்தால் செய்தியைவிட விளம்பரம்தான் அதிகம். இந்தப் பண்டிகைக்கு இதை வாங்கவில்லையென்றால் உன் குடும்பத்தின் மீது உனக்கு அன்பில்லை என்கிற மாதிரி எழுதியிருப்பார்கள். நான் அதை அப்படியே நம்பினேன். அந்தக் கணக்கில் பார்த்தால் புனேயிலேயே அதிகம் நேசிக்கப்படுகிற பிள்ளை என் சித்தி மகள்தான்.

நான் சொல்ல வந்தது எண்ணெயும் சர்க்கரையும் வெங்காயமும் ஒன்றாகச் சேர்ந்து விலை ஏறிய ஒரு தீபாவளியைப் பற்றி. பக்கத்து வீட்டில் ஒரு மராட்டிக்கார அம்மாள் இருந்தார். குவார்ட்டர்ஸ் முழுக்க அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடும். அவர் வீடு வீடாக வந்து, பெண்கள் எல்லோரும் தட்டும் சப்பாத்திக்கட்டையும் எடுத்துக்கொண்டு விலைவாசியைக் கண்டித்து கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலமாக மோர்ச்சா போகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா மறுபேச்சில்லாமல் சம்மதித்தாள். அதற்கு முன்பும் இரண்டொரு மோர்ச்சாவுக்குப் போனவள்தான். என்னை அழைத்துப் போனதில்லை. இந்தத் தடவை பள்ளிக்கூடம் விடுமுறை. நானும் வரலாம் என்றாள். தட்டை நான் பிடித்துக்கொள்வது, கட்டையால் அம்மா அடிப்பது, கை வலித்தால் மாற்றிக்கொள்வது என்று எங்களுக்குள் ஏற்பாடு. இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தி மகளிடம் இல்லாத ஒன்று முதன்முறையாக எனக்குக் கிடைக்கப்போகிறது.

மோர்ச்சா அன்று காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சித்தி இறங்கினாள். பின்னாலேயே, குதிகாலில் விளக்கு எரிய, அவள்.

"அக்கா, இவள இன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் வெச்சிக்கோ. எனக்கு இன்னும் வாங்கறது பாதிக்கு மேல இருக்கு. கூட்டத்துல இவள இழுத்துக்கிட்டு அலைய முடியாது."

"அவரு வரலியா?"

"அவருக்கு இப்ப சீசனாச்சே. ஹோட்டல விட்டு நவுர முடியல. எல்லாம் நான் ஒருத்தியேதான்."

"நான் மோர்ச்சாவுக்குக் கெளம்பிட்டிருக்கேன்டி."

"அப்ப இவளையும் கூட்டிக்கிட்டுப் போ." சித்தி சிரித்தாள். "நீங்க தட்டத் தட்டுனா எண்ண வெல எறங்கிடுமாக்கா?"

"எறங்காது," என்றாள் அம்மா. "தட்டலன்னா இன்னும் ஏறும்."

சித்தி அதே ஆட்டோவில் போய்விட்டாள். சித்தி மகள் எங்கள் வீட்டு நடுவில் நின்று, மேசைமேல் இருந்த சப்பாத்திக்கட்டையைப் பார்த்தாள். அவள் படித்தது பெரிய இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தமிழ் தட்டுத் தடுமாறித்தான் வரும்.

"பெரியம்மா, அது நான் புடிக்கட்டா? நான் நல்லா அடிக்கும்."

அம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. கட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டாள். என்னைப் பார்த்து, "நீ தட்டப் புடிச்சிக்க, பெரியவ இல்ல?" என்றாள். வேண்டியபோது நான் பெரியவளாகிவிடுவேன்.

மண்டயி காய்கறி மார்க்கெட்டில் எல்லோரும் கூடினோம். நூற்றுக்கணக்கில் பெண்கள். ஒன்பது கஜச் சேலைக்காரிகள், குவார்ட்டர்ஸ் பெண்கள், குழந்தையை இடுப்பில் வைத்திருந்தவர்கள். காக்கு ஒரு தள்ளுவண்டி மேல் ஏறி நின்று, "மஹாகாய் கமி ஜாலீச் பாஹிஜே" என்று குரல் கொடுத்தார். விலைவாசி குறைந்தே ஆகவேண்டும் என்று அர்த்தம். அவ்வளவு பேரும் அதைத் திருப்பிச் சொல்லித் தட்டை அடித்தபோது எனக்கு முதுகுத்தண்டு சிலிர்த்தது. சித்தி மகளும் அடித்தாள். நான் பிடித்திருந்த தட்டில், என் விரல் மேலும் சேர்த்து அடித்தாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் அவளைச் சுற்றிக்கொண்டார்கள். "யாரு இது, ஒங்க தங்கச்சி பொண்ணா? என்னா அழகா ஷூ போட்டுக்கீது" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். பழைய ரப்பர் செருப்போடு நின்ற என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னைத்தான் தினமும் பார்க்கிறார்களே.

ஊர்வலம் லக்ஷ்மி ரோட்டுக்குள் திரும்பியது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் லக்ஷ்மி ரோடு எப்படியிருக்கும் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் புடவைக் கடை, நகைக் கடை, கடை கடையாகத் தொங்கும் காகித விளக்குகள், பை சுமந்த ஜனங்கள். நடுவில் நாங்கள் சர்க்கரை விலை அதிகம் என்று கத்திக்கொண்டு போகிறோம். கடையை விட்டு வெளியே வந்தவர்கள் பைகளை மார்போடு அணைத்தபடி ஓரமாக ஒதுங்கி எங்களுக்கு வழிவிடுகிறார்கள். சிலர் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கோஷம் போடுவதை மறந்து கண்ணாடிக்குள் தொங்கிய பாவாடைகளைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அம்மா இதைக் கவனித்துவிட்டு, "முன்னாடி பாத்து நட" என்றாள். நான் முன்னால் பார்த்தேன்.

முன்னால் ஒரு புடவைக் கடை வாசலில் சித்தப்பா நின்றிருந்தார்.

இரண்டு கையிலும் பை. கருஞ்சிவப்புப் பைகள், தங்க நிற எழுத்து. பக்கத்தில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் இன்னொரு பையோடு நின்றிருந்தாள். ஊர்வலம் கடந்து போகட்டும் என்று காத்திருக்கிறார்கள். அந்தப் பெண் எங்களைக் காட்டி ஏதோ சொன்னாள், சித்தப்பா சிரித்தார். எனக்கு வயிறு எரிந்தது. ஏற்கெனவே சித்தி ஒரு பக்கம் வாங்கிக்கொண்டிருக்கிறாள், இவர் இன்னொரு பக்கம் வாங்குகிறார். போதாததற்குப் பையைத் தூக்கிவர ஹோட்டலிலிருந்து ஆள் வேறு கூட்டி வந்திருக்கிறார். எங்கள் வீட்டில் ரேஷன் பையை நான்தான் தூக்கவேண்டும்.

சித்தி மகளின் முழங்கையை இடித்தேன். "பாரு, ஒங்கப்பா. ஒனக்கு இன்னும் வாங்கறாரு."

அவள் ஏற்கெனவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அது எங்கப்பா இல்ல," என்றாள்.

"ஒங்கப்பாதான். நல்லாப் பாரு."

"இல்ல."

எவ்வளவு கெட்டிக்காரி என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்தால் பங்கு கேட்பேன் என்று பெற்ற அப்பாவையே இல்லை என்கிறாள். சத்தமாகச் சித்தப்பா என்று கூப்பிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எங்கள் இருவருக்கும் நடுவில் புகுந்து, சித்தி மகளைத் தன் மறுபக்கத்துக்கு இழுத்து, முந்தானையை அவள் தலைமேல் போட்டு மூடிக்கொண்டாள். "வெயிலு," என்றாள். வெயில் என் தலைமேலும்தான் அடித்தது. சித்தி மகள் கட்டையால் அடிப்பதை நிறுத்திவிட்டாள். கட்டையைக் கேட்டதும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கலெக்டர் ஆபீஸ் வரை நான்தான் அடித்தேன். ஆனாலும் அம்மாவின் முந்தானைக்குள் இருந்தவள் அவள்தான்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் போலீஸ்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். காக்குவும் இன்னும் சிலரும் உள்ளே போய் மனு கொடுத்துவிட்டு வந்தார்கள். எல்லோரும் கலைந்தோம். அம்மா எங்களுக்கு வடாபாவ் வாங்கினாள். சித்தி மகளுக்கு மட்டும் கூடவே ஒரு குளிர்பானம். நான் ஏன் என்று கேட்டதற்கு, "அவளுக்குத் தொண்ட காஞ்சிருக்கும்" என்றாள். அவள் பாதி வழியில் கோஷத்தையே நிறுத்தியவள். தொண்டை காய்ந்தது எனக்கு. பஸ்ஸில் அவள் அம்மா மடியில் தலை வைத்துத் தூங்கினாள். இல்லை, கண்ணை மூடியிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

தீபாவளியன்று விடிகாலை எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பலகார டப்பாவோடு விமான் நகருக்குப் போனோம். வாசலில் வழக்கம்போல் அட்டைப்பெட்டி நின்றது. இந்த வருஷம் சோற்றைச் சூடாக்கும் மின்சார அடுப்பு. சித்தி எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பிக் காட்டினாள். சித்தப்பாவுக்குச் சட்டை, சித்தி மகளுக்கு மூன்று கவுன், தனக்கு ஒரு பட்டுப்புடவை, எங்களுக்கும் ஆளுக்கு ஒரு துணி. எல்லாம் சித்தியே அலைந்து வாங்கியவை. நான் பொறுமையாகக் காத்திருந்தேன். கருஞ்சிவப்புப் பைகள் மட்டும் வரவில்லை. உயர்ந்த சாமான் அதில்தான் இருக்கிறது, எங்கள் கண் படக்கூடாது என்று பீரோவில் வைத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டினேன். இட்லி சாப்பிட உட்கார்ந்தபோதும் அதே நினைப்பு. என்னால் அடக்க முடியவில்லை.

"சித்தி, சித்தப்பா வாங்குனத நீங்க காட்டவே இல்லியே?"

"அவரு எங்க வாங்குனாரு? அவருக்கு ஏது நேரம்?"

"லக்ஷ்மி ரோட்ல வாங்குனாரே. செவப்புப் பை, மூணு. ஒண்ண அந்தப் பச்சப் பொடவ அக்கா தூக்கிக்கிட்டு வந்தாங்களே."

சித்தி சட்னிக் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றாள். அப்பா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சித்தப்பா எழுந்து கை கழுவப் போனார். தண்ணீர் குழாயில் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி மகள் இட்லியைச் சிறு சிறு துண்டாகப் பிய்த்துக்கொண்டே இருந்தாள்.

சித்தி கோபப்படுவாள் என்று பயந்தேன். அவள் என் தட்டில் சட்னி ஊற்றினாள். பிறகு அம்மாவிடம் கேட்டாள்.

"நீயும் பாத்தியாக்கா?"

"பாத்தேன்."

"சொல்லலியே."

"பண்டிக முடியட்டும்னு இருந்தேன்டி."

"எத்தினி பண்டிகக்கா முடியறது," என்றாள் சித்தி. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஒவ்வொரு வருஷமும் பெட்டி ஒண்ணு வந்து எறங்குதே, எதுக்குன்னு நெனச்ச?"

பட்டாசு வெடிக்காமலேயே நாங்கள் வீடு திரும்பினோம். வழியெல்லாம் அம்மா என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாளில் சித்தியும் அவளும் இரண்டு சூட்கேஸோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். சில நாள் இருந்துவிட்டுப் போவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. அவளை என் பள்ளிக்கூடத்திலேயே சேர்த்தார்கள். அம்மா பக்கத்தில் நான் படுக்கும் இடத்தில் அவள் படுத்தாள். நான் சுவரோரம் தள்ளப்பட்டேன். விமான் நகரில் அவ்வளவு பெரிய வீடு இருக்கும்போது எங்கள் இரண்டு அறையும் அவளுக்கு எதற்கு என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. எல்லாம் வைத்திருப்பவர்களுக்கும், இல்லாதவர்களிடம் இருக்கிற கொஞ்சத்தின் மேல் ஒரு கண் இருக்கும் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த கோடையில் பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். காக்கு மறுபடி வீடு வீடாக வந்தார். இந்தத் தடவை சித்தியும் கிளம்பினாள். வேண்டாம், கூட்டத்தில் உன்னால் முடியாது என்று அம்மா சொல்லிப் பார்த்தாள், கேட்கவில்லை. நாங்கள் நால்வரும் போனோம். முதலில் சித்தி வாயைத் திறக்காமல்தான் நடந்தாள். பாதி வழியில் காக்கு குரல் கொடுத்தபோது அவளும் கத்தத் தொடங்கினாள். மராட்டி சரியாக வராது. வந்த வரைக்கும் கத்தினாள். கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளக்கூட இல்லை. முன்னால் போன பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா ஒரு கையால் சித்தியின் கையையும் மறு கையால் அவள் மகளின் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். எனக்கென்று அம்மாவிடம் மூன்றாவது கை இருக்கவில்லை. நான் ஒரு அடி பின்னால் நடந்து வந்தேன்.

அப்படிப் பின்னால் நடந்தபடி எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது ஒரே ஒரு கேள்விதான். சித்தி எந்நாளும் சித்தப்பாவின் காரில், இல்லையென்றால் ஆட்டோவில் போய்வந்தவள். பஸ்ஸில் ஏறியதே எங்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான். அப்படிப்பட்டவளுக்கு பஸ் கட்டணத்தின் மேல் ஏன் அத்தனை கோபம் என்று எனக்கு விளங்கவே இல்லை.