நாலு சொந்தக்காரர் மெஷினும் ஒரு எழில்மொழியும்

ஆயுத பூஜைக்கு மறுநாள் என் மளிகைக் கடை பில் மெஷின் ஒன்று, பேப்பர் இல்லை என்று கத்திக்கொண்டே இருந்தது. புது ரோல் போட்டும் அடங்கவில்லை. புரோகிராம் எழுதிக் கொடுத்த எழில்மொழி வியாசர்பாடியிலிருந்து வந்து மூடியைத் திறந்தாள். பேப்பர் இருக்கிறதா என்று பார்க்கும் சின்னக் கண் ஒன்று உள்ளே இருக்கிறதாம். அதன்மேல் நான் பக்தியோடு அப்பிய சந்தனம்! கடை நிறையக் கூட்டம். துடைத்த விரலை எனக்கு மட்டும் காட்டிவிட்டு, "ஒயரு லூசு அண்ணாச்சி" என்று சத்தமாகச் சொன்னாள். பிறகு தட்டிலிருந்த சந்தனத்தைத் தொட்டு, மெஷினின் பக்கவாட்டில் பொட்டு வைத்தாள்.

கொருக்குப்பேட்டையில் நாற்பது கடைகளுக்கு அவள் புரோகிராம்தான். அத்தனை கடையும் சேர்ந்து ஒரு தொல்லை, என் கடை மட்டும் தனியாக ஒரு தொல்லை. என்னிடம் நாலு மெஷின், நாலும் வேறு வேறு ரகம். மைத்துனன் அய்யாத்துரை, பெரியப்பா மகன் பாலகணேஷ், ஒரு சம்பந்தி, ஊர்க் கோயில் வரி வாங்க வந்த பங்காளி என்று ஆளுக்கொரு ஏஜென்சி எடுத்து, ஆளுக்கொன்றை என் தலையில் கட்டினார்கள். எனக்கு 'வேண்டாம்' என்று சொல்ல வராது. முருகனிடம்கூட வேண்டும், வேண்டும் என்றே பழகிய வாய்.

போன் போட்டால், "எந்த மெஷினு அண்ணாச்சி?" என்பாள்.

"கருப்பு, தாயி."

"மூணு கருப்பு கீதே!"

படித்தது அஞ்சாம் வகுப்பு. மெஷின் மேலிருக்கும் இங்கிலீஷ் பெயர் எனக்கு எங்கே தெரியும்? "அய்யாத்துரை மெஷினு" என்பேன். அந்தப் பெயரிலேயே கம்ப்யூட்டரில் எழுதி வைத்துக்கொண்டாள்.

"கமாலுதீன் பாய் கடையில ஆறு மெஷினு, ஆறும் ஒரே மாடலு. ஒரு தபா எழுதி, ஒண்ணுத்துல ஓட்டிப் பாத்தா ஆறுக்கும் முடிஞ்சுது. கோளாறுன்னா வூட்ல குந்திகினே போன்ல சொல்லிடுவேன். உங்களுக்கு நாலு தபா எழுதணும், நாலு தபா ஓட்டணும். ஒண்ணை சரி பண்ணா இன்னொண்ணு பேஜாரு பண்ணுது."

"பாய்க்குச் சொந்தக்காரங்க கம்மி, தாயி."

தையில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. இனி எல்லாம் போனில்தான். அவள் போன பிறகு மெஷின் படுத்தால் கடையும் படுத்துவிடுமே என்று எனக்குத் தூக்கம் போயிற்று. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் புதுப் புரோகிராம் ஏற்ற வந்தாள். மூன்று மெஷின் ஒழுங்காக அடித்தன. அய்யாத்துரை மெஷின் மட்டும் பில்லின் கடைசி வரியான கூட்டுத்தொகையை முழுங்கியது. இடது கை நிறைய மருதாணியோடு, வலது கை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். ஸ்பீக்கரில் அவள் அம்மா கத்தினார்: "கல்யாணப் பொண்ணு, இன்னும் கடையிலயாடி கீற?"

அந்த வரி பொழுது சாய்ந்துதான் வந்தது. எனக்கு வெட்கமும் அப்போதுதான் வந்தது.

மறுநாள் முருகனைக் கும்பிட்டு நாலையும் கழித்தேன். ஒருவருடையதை வைத்துக்கொண்டால் மற்ற மூவருக்கும் கோபம் வரும். அதனால் பாய் வைத்திருக்கும் மாடலில் நாலு வாங்கி, நாலு பேருடைய கோபத்தையும் சமமாகச் சம்பாதித்தேன். "என்ன அத்தான், எம் மெஷினு கசந்துட்டோ?" என்று கேட்ட அய்யாத்துரை இன்னும் பேசவில்லை.

ஓசூர் கிளம்புமுன் புருஷனோடு வந்தாள். ஒன்றில் ஏற்றிப் பார்த்தாள். அதையே மற்ற மூன்றுக்கும் போட்டாள். பத்து நிமிஷம்தான். நாலிலும் பக்கவாட்டில் நான் வைத்திருந்த பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். அவளை நேரில் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்:

"அண்ணாச்சி, இனிமே எந்த சொந்தக்காரனாவது மெஷினு தூக்கினு வந்தான்னா, நீங்க ஒண்ணியும் பேசாதீங்க. எனுக்கு ஒரு போன் போட்டு அவன் கையில குடுங்க. வேணாம்னு நான் சொல்லிக்கிறேன்."