இரும்புக் குழாயில் ஏற்றிய நட்சத்திரம்

"அந்தக் கம்பியில போயி நீ எதுக்கும்மா துணி போட்ட?"

என் மருமகளைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட நர்ஸ் கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டாள். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்த அவளுடைய சொந்தத் தாய்மாமனும் கேட்டார். கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவள், ஏதோ தப்புச் செய்து மாட்டிக்கொண்டவள் மாதிரி ஒவ்வொருவரையும் பார்த்துச் சிரித்தாள். துணி காயப்போடுகிற கம்பியில் துணி போடாமல் வேறு எதைப் போடுவார்கள்? அந்தக் கம்பியில் கரண்டு எப்படி வந்தது என்று என் மகனை ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால் நான் சொல்கிறேன்.

உத்திரமேரூர் பஸ் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் தெரு. எல்லாம் ஏசு கோயிலுக்குப் போகிற வேதக்கார வீடுகள். கிறிஸ்துமஸ் மாதம் பிறந்தால் ஒவ்வொரு வீட்டு மேலும் நட்சத்திரம் ஏறிவிடும். ஒரு சவுக்குக் கொம்பு, அதன் நுனியில் காகித நட்சத்திரம், உள்ளே ஒரு பல்பு. அதுதான் வழக்கம். ஆனால் எங்கள் தெருவுக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டு நட்சத்திரம் உயரம் என்று பார்ப்பார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் கண்ணில் எது முதலில் படுகிறதோ, அந்த வீட்டுக்காரன் அந்த வருஷம் பெரிய மனிதன். போதாததற்குக் கோயில் வாலிபர்கள் பண்டிகைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் மேளம் அடித்துக்கொண்டு வீடு வீடாக வந்து, நட்சத்திரத்தையும் குழந்தை ஏசு வைக்கிற குடிலையும் பார்த்து, முதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொடுப்பார்கள். வீட்டில் உட்கார நாற்காலி இல்லாமல் இல்லை. இருந்தாலும் அந்த ஒரு நாற்காலிக்காக இந்த ஆம்பிளைகள் தலைகீழாக நிற்பார்கள்.

என் மகன் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் வெல்டிங் வேலை செய்கிறான். போன வருஷம் எதிர்வீட்டு நட்சத்திரம் எங்களுடையதைவிட ஒரு முழம் மேலே நின்றது. அதை வருஷம் முழுக்க மனசில் வைத்திருந்தான்.

"சவுக்கு காத்துக்குக் குடிகாரன் கணக்கா ஆடுதுமா. இந்தத் தபா இரும்புலயே செய்யறேன். எவன் கிட்ட வரான் பாக்கறேன்" என்றான்.

செய்தான். நன்றாகவே செய்தான், அதை இல்லை என்று சொல்ல மாட்டேன். இரும்புப் பட்டையை வளைத்து, ஒட்டி, சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடித்தாள் கட்டி, ஒரு ஆள் உயரத்துக்கு நட்சத்திரம். அதை ஏற்ற ஒரு நீள இரும்புக் குழாய். மாடி மூலையில் துணிக் கம்பி கட்டுகிற சவுக்குக் கட்டை ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் குழாயை நட்டான். அவிழ்த்த துணிக் கம்பியை அந்தக் குழாயிலேயே இழுத்துக் கட்டினான்.

"இரும்பா கீதேடா, ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டேன்.

"எம்மா, நீ குந்து. உனுக்கு இன்னா தெரியும்?"

இந்த வீட்டில் என்னைக் குந்தச் சொன்னான். அவன் அப்பன் செத்த பிறகு நாற்று நட்டும் களை பறித்தும் நான் எழுப்பிய சுவர் இது.

ஒயர் வாங்க வாலாஜாபாத் போனபோது நானும் கூடப் போனேன், பண்டிகைக்குப் புடவை எடுக்க. கடைக்கார பாய் அவன் கையில் இருந்த மெல்லிசு ஒயரைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வூட்டுக்குள்ள போடற ஒயரு. மாடிக்கின்னா தடிமனா எடுத்துக்கோபா. நடுவுல ஒட்டுப் போடாத, பனி எறங்கற காலம்" என்றார்.

"எனுக்கே சொல்றியா பாய்? நாள் பூரா கரண்டோடதான் வேல செய்யறேன்" என்று என் மகன் சிரித்தான். பாயும் சிரித்துவிட்டு மெல்லிசு ஒயரையே சுற்றிக் கொடுத்தார்.

அது நீளம் போதவில்லை. பழைய ஒயர் ஒன்றை எடுத்து நடுவில் முறுக்கிச் சேர்த்தான். டேப்பு தீர்ந்துவிட்டது. கேரி பேக்கைக் கிழித்து முடிச்சின் மேல் சுற்றி, நூலால் கட்டி, குழாயோடு சேர்த்து இறுக்கினான். லைட்டைப் போட்டதும் தெருவே வெளியில் வந்து பார்த்தது. பஸ் ரோடு வரைக்கும் தெரிகிறது என்று சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரன் கதவைச் சாத்திக்கொண்டான். என் மகன் அன்றைக்கு இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான்.

அதற்கு மறுநாள்தான் அது நடந்தது. அவன் விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். போகிறவன் லைட்டை அணைக்கவில்லை. அன்றைக்கு நல்ல பனி. மாடியே கழுவி விட்ட மாதிரி ஈரம். மருமகள் துணியைத் துவைத்து, பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு மேலே போனாள். நான் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பக்கெட்டுதான் வந்தது. படி படியாக உருண்டு என் முன்னால் வந்து நின்றது. அவள் குரல் வரவில்லை. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து மெயினை இறக்கினாள். என் முழங்காலை வைத்துக்கொண்டு நான் மேலே ஏறுவதற்குள் என் உயிர் பாதி போய்விட்டது. சுவர் ஓரமாக விழுந்து கிடந்தாள். ஈரப் புடவை பாதி கம்பியில், பாதி தரையில். கண் திறந்திருந்தது.

"அத்த, கம்பி கடிச்சிடுச்சி" என்றாள்.

விரல் மூன்று வெந்து போயிருந்தது. கேரி பேக்குக்குள் பனி இறங்கி, ஒட்டிலிருந்த கரண்டு குழாய்க்கும் குழாயிலிருந்து துணிக் கம்பிக்கும் பாய்ந்திருக்கிறது. ஆட்டோவில் உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். விரல் பட்டதும் கரண்டு தூக்கி எறிந்ததால் பிழைத்தாள், கம்பியைப் பிடித்து மூடியிருந்தால் கை விட்டிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

சாயங்காலம் மகன் வந்தான். வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவளைப் பார்த்து அவன் பேசிய முதல் பேச்சு இது: "இன்னாமே நீ, லைட்டு எரியுதுன்னு கண்ணு தெரியல? பாத்துப் போட மாட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவன் கடைக்குப் போய் டேப்பு வாங்கிவந்து, மாடிக்குப் போய், கேரி பேக்கைப் பிய்த்துவிட்டு டேப்பு சுற்றினான். கீழே வந்து கையைத் தட்டிக்கொண்டு, "சரி பண்ணிட்டேன். இனிமே ஒண்ணும் ஆவாது" என்றான்.

"குழாயக் கழட்டுடா" என்றேன்.

"நாளைக்கு பசங்க பாக்க வராங்கமா. இப்பப் போயிக் கழட்டுன்ற. தெருவுல மானம் பூடும்."

"அவ உசுரு போயிருந்தா?"

"அதான் போவலியே!"

போகவில்லையாம். இதைச் சொன்னவன் என் வயிற்றில் பிறந்தவன்.

மறுநாள் சாயங்காலம் தெருக்கோடியில் மேளச் சத்தம் கேட்டது. வாலிபர்கள் முதல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மகன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, தலையைச் சீவிக்கொண்டு, நட்சத்திரத்தின் சுவிட்சைப் போட்டான். மருமகள் மாடிப் படியையே பார்த்தாள். அவள் தோள் ஒடுங்குவதை நான் பார்த்தேன். மறுநாளும் அவள் அந்த மாடிக்குத்தான் போகவேண்டும். அதற்கு மறுநாளும்.

எழுந்து கொல்லைக்குப் போனேன். ஊறவைத்திருந்த அவனுடைய கம்பெனிச் சட்டையைப் பக்கெட்டிலிருந்து எடுத்தேன். பிழியவில்லை. சொட்டச் சொட்டக் கொண்டுவந்து அவனிடம் நீட்டினேன்.

"இன்னாமா இது?"

"உன் சட்ட. சரி பண்ணிட்டேன்னியே. செருப்பக் கழட்டிட்டு மேல போ. அந்தக் கம்பியில காயப்போட்டுட்டு வா."

"பேஜார் பண்ணாதமா. ஆளுங்க வர நேரம்."

"வரட்டும். காயப்போட எம்மாம் நேரம் ஆவும்? போ."

நிஜமாகவே அவனைக் கம்பியைத் தொட விட்டிருக்க மாட்டேன். மெயின் பெட்டிக்குக் கீழேதான் நின்றேன், இறக்குகிற பிடியில் ஒரு கையை வைத்துக்கொண்டு. அவன் அதைக் கவனிக்கவில்லை. சட்டையை வாங்கிக்கொண்டு, முறைத்தபடியே செருப்பை உதறிவிட்டு ஏறினான். பாதிப் படியில் நின்றான். சட்டையிலிருந்து தண்ணீர் வழிந்து அவன் வெறுங்காலை நனைத்துப் படியில் ஓடியது. மேலே பார்த்தான். நட்சத்திரம் சிவப்பாகவும் பச்சையாகவும் ஜொலித்தது. அவன் ஏறவில்லை.

அப்போது மருமகள் வாய் திறந்தாள். அடிபட்ட நாளிலிருந்து அவள் அவனிடம் பேசியது அதுதான் முதல்.

"போங்க. ஒண்ணும் ஆவாதுன்னீங்களே."

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. கீழே இறங்கி வந்தான். சட்டையைப் பக்கெட்டில் போட்டான். என் கையை ஒதுக்கிவிட்டு அவனே மெயினை இறக்கினான். வீடு இருட்டானது. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மேலே போனான்.

வாலிபர்கள் வாசலுக்கு வந்தபோது குழாய் பாதி சாய்ந்திருந்தது. மேளம் நின்றுபோயிற்று.

"இன்னா ஆயா, உங்க ஸ்டாருக்குத்தான் சேர்னு நாங்க முடிவே பண்ணிட்டு வந்தோம். கழட்டறாரே அண்ணன்!" என்றான் ஒருவன்.

"அந்தச் சேர நீங்களே வெச்சிக்கோங்க. அடுத்த வருசத்துலேந்து எவன் வூட்டு ஸ்டார் ஒசரம்னு பாக்கறத வுட்டுட்டு, எவன் வூட்டு ஒயர் ஒழுங்கா கீதுன்னு பாருங்கடா. அதுக்குக் குடுங்க சேரு."

அவர்களில் இரண்டு பேர் மருமகளின் கையைப் பார்த்தார்கள். ஒருவனும் பாட்டுப் பாடவில்லை. அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பண்டிகை அன்றைக்கு எங்கள் வீட்டில் நிலைப்படிக்கு மேலே ஒரு காகித நட்சத்திரம், பல்பு இல்லாமல். குடிலில் வைக்கோல் போட்டிருந்ததால் மெழுகுவர்த்திகூட வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மாடியில் பழையபடி சவுக்குக் கட்டையை நட்டு, நைலான் கயிறு கட்டியிருக்கிறான். யாரும் சொல்லாமலே செய்தான். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் என் கோபம் ஆறவில்லை. இன்றுவரை அவன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வலிக்குதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன, வாயா தேய்ந்துவிடும்? கட்டுப் பிரித்த அன்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு அவனுக்குச் சோறு போடப் போனாள். தட்டை நான் பிடுங்கி வைத்தேன்.

"வுடு. வலிக்குதான்னு அவன் கேக்கற வரைக்கும் அவனே போட்டுத் துன்னட்டும்."

அவன் காதில் விழும்படிதான் சொன்னேன். இப்போது அவனே எழுந்து போய்ப் போட்டுக்கொள்கிறான்.