கனமில்லாத ஆம்ப்ளிஃபையர்

போன வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழா. காலையிலேயே மைக் செட் மல்லிகா வந்துவிட்டார். ஆனால் பாட்டுச் சத்தம் கேட்கவில்லை... சண்டைதான் கேட்டது!

விஷயம் இதுதான். மல்லிகாவுக்குப் போன வருடம் முதுகில் டிஸ்க் விலகிவிட்டது. இனிமேல் கனம் தூக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மைக் செட் வைத்திருப்பவர் கனம் தூக்காமல் எப்படி? பழைய ஆம்ப்ளிஃபையர் ஒவ்வொன்றும் அரிசி மூட்டைக்கு அண்ணன். உள்ளே செம்புக் கம்பி சுற்றிய பெரிய டிரான்ஸ்ஃபார்மர், சூட்டைத் தணிக்க அலுமினியப் பாளம்... தூக்கிக் கொடுத்த ஆட்களும் ஒரகடம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் எல்லோரும் தொழிலை விட்டுவிடச் சொன்னார்கள். மல்லிகா தொழிலை விடவில்லை. கனத்தை விட்டார்.

புதிதாக ஒரு ஸ்விட்ச்சிங் ஆம்ப்ளிஃபையர் வாங்கினார். மின்சாரத்தை நொடிக்கு லட்சக்கணக்கான தடவை ஆன் – ஆஃப் செய்தே வேலையை முடித்துவிடுகிறது அது. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டாம், சூடும் குறைவு. தெருவெல்லாம் சீரியல் லைட் எரிந்து வோல்டேஜ் இறங்கினாலும் சமாளிக்கும். பழுதானால் போர்டையே மாற்ற வேண்டும் என்ற தொல்லை உண்டுதான். அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

விழாக் கமிட்டித் தலைவர் தேவராஜ் பட்டுக் கடைக்காரர். பட்டு நெய்யும் எங்கள் ஊரில் புடவையைக் கண்ணால் பார்த்தால் போதாது. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்ப்போம். கனம் இருந்தால்தான் ஜரிகை இருக்கிறது என்று மனசு ஒப்பும். தேவராஜ் அதே கையால் ஆம்ப்ளிஃபையரையும் தூக்கினார். முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாமா இது, டிபன் பாக்ஸ் மாதிரி இருக்குது? உள்ள சரக்கே இல்லியே."

பழைய பெட்டி வராவிட்டால் வேறு செட் சொல்லிவிடுவதாகவும் சொன்னார். ஆடி மாதத்தில் ஒரு தெரு திருப்பி அனுப்பினால் அடுத்த தெருவும் கூப்பிடாது. மல்லிகா வருடம் முழுக்கப் பிழைப்பது இந்த மாதத்தை நம்பித்தான். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது.

மனசு கேட்காமல் தனியாகக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். பெட்டிக்குள் இரண்டு செங்கல் வைத்துவிட்டால் யார் திறந்து பார்க்கப் போகிறார்கள்? என் மூளைக்கு அவ்வளவுதான் எட்டியது.

"செங்கல்லையும் இந்த முதுகுதானேண்ணா தூக்கணும்?" என்றார் மல்லிகா.

அப்புறம் நேராகத் தேவராஜிடம் போனார். எங்கள் கோயிலில் ஆம்ப்ளிஃபையர் வைப்பது மாடி அறையில். அதற்கு வெளிப்பக்கமாகக் குறுகலான இரும்புப் படி ஒன்றுதான் வழி.

"கனந்தான் வேணும்னா பழசையே வரவழைக்கிறேண்ணா. மேல மட்டும் நீங்க ஏத்திக்குங்க."

குட்டி யானை வண்டியில் பழசு வந்தது; டிரைவரும் கூட வந்தவரும் படியோரம் இறக்கி வைத்தார்கள். தேவராஜ் ரோஷக்காரர் — வேட்டியை மடித்துக் கட்டினார். கமிட்டியில் இரண்டு பேர் கைகொடுத்தார்கள். பாதிப் படி கூட ஏறவில்லை. ஒருவருக்கு விரல் நசுங்கியது. இன்னொருவர் மூச்சு வாங்கிக்கொண்டே இறக்குங்கள், இறக்குங்கள் என்றார். கீழே வைத்ததும் தேவராஜ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மல்லிகா சிரிக்கவில்லை. தேவராஜ் எழுந்து வழிவிடும் வரை காத்திருந்தார். பிறகு புதுப் பெட்டியை ஒரு கையிலும் கைப்பிடிக் கம்பியை மறுகையிலும் பிடித்தபடி நிதானமாக மாடி ஏறினார்.

ஸ்விட்சைப் போட்டதும் அம்மன் பாட்டு தெருவை நிறைத்தது. தேவராஜுக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. தெருக்கோடி வரை நடந்து போய், நின்று கேட்டுவிட்டு வந்தார். பாராட்டெல்லாம் இல்லை... சாயந்தரம் வரைக்கும் தாங்குமா என்று மட்டும் கேட்டார். தாங்கும் என்றார் மல்லிகா. கூழ் ஊற்றி, பூஜை முடிந்து, கூட்டம் கலையும் வரை ஒரு கரகரப்பு இல்லை.

சாமான்களை வண்டியில் ஏற்றும்போது தேவராஜ் வந்தார். ஒரு கை இன்னும் இடுப்பில்தான்.

"பிள்ளையார் சதுர்த்திக்கும் நீயே வந்துடுமா. அந்தப் பெரிசு மட்டும் வேணாம்."

மல்லிகா அப்போதுதான் சிரித்தார். எனக்கும் வயிற்றில் பால் வார்த்தது மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து யாராவது எதையாவது கையில் வாங்கி "நல்ல கனம்" என்று மெச்சினால், நான் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன்...

மாடிக்குத் தூக்கப் போவது யார்?