மூன்று ராஜாக்களைக் கவிழ்த்த மத்தியானம்

அந்தக் கோடை முழுக்க என் கணவருக்குக் கை கிடையாது. பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் ஒரு புது வீட்டுக்கு ஒயரிங் வேலைக்குப் போனவர், மாடி விளிம்பில் கால் வழுக்கி, இரண்டு கையையும் ஊன்றிக் கீழே விழுந்தார். இரண்டு மணிக்கட்டும் உடைந்து முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. இடுப்பிலும் அடி என்பதால் எழுந்து உட்காரவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சோறு ஊட்டுவது, பல் விளக்கிவிடுவது, மூக்கு அரித்தால் சொறிந்துவிடுவது எல்லாம் நான்தான்.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை எங்கள் வீடு. நான் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரு வாரத்துக்கு மேல் லீவு கேட்டதும் வேறு ஆளைப் போட்டுக்கொண்டார்கள். அவருக்கு வேலை கொடுத்த காண்டிராக்டர் முதல் வாரம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார். அதற்கப்புறம் போனை எடுக்கவே இல்லை.

அடிபடுவதற்கு முன்பே அவர் போனில் போக்கர் ஆடுவார். வேலை முடிந்து வந்து கொஞ்ச நேரம், பொழுதுபோக்காக. படுத்த படுக்கையான பிறகு அதுதான் ஒரே வழி என்று ஆகிவிட்டது. அவர் முகத்துக்கு நேராக நான் போனைப் பிடிப்பேன். அவர் "போடு" என்பார், "விடு" என்பார், நான் விரலால் அமுக்குவேன். என் கம்மலை அடகு வைத்துத்தான் முதல் போட்டோம். ஆட்டம் கஷ்டமில்லை. ஒவ்வொருத்தருக்கும் மறைவாக இரண்டு சீட்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு. இரண்டையும் சேர்த்து யார் கை பெரிசோ அவர்களுக்குப் பணம். நடுவில் விட்டுவிட்டால் அதுவரை போட்டது போனது போனதுதான். பத்து நாளில் எனக்கும் பிடிபட்டுவிட்டது. அவருக்கு ஆளைப் படிக்கத் தெரியும், எனக்குக் கணக்குத் தெரியும். போட்டது மெல்ல மெல்ல ஏறியது.

அதற்குள் அவருடைய இடது கை விரல்கள் வீங்க ஆரம்பித்தன. எலும்பு கோணலாகக் கூடுகிறது, உடனே பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று இங்கே டாக்டர் சொன்னார். "இன்னும் கொஞ்சம் ஏறட்டும்மே, ஒரேடியா போயிடலாம்" என்றார் இவர். ராத்திரியில் வலியில் பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். காலையில் "போனை எடு" என்பார்.

அன்றைக்கு மத்தியானம் கரண்ட் இல்லை. கூரை அனலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு கையால் விசிறிக்கொண்டு மறு கையால் போனைப் பிடித்திருந்தேன். எங்களுக்கு இரண்டு ராஜா வந்தது. நடுவில் விரித்த முதல் மூன்று சீட்டில் இன்னொரு ராஜா. அவர் மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கேட்டது. பணத்தை ஏற்றினோம். எதிரில் ஒரே ஒருத்தன் மட்டும் விடாமல் கூடவே வந்தான். பெயருக்குப் பதிலாக யானைப் படம் வைத்திருப்பவன். எந்த ஊரோ, யாரோ. பல நாளாக அவனோடு ஆடியிருக்கிறோம். மறுபடி ஏற்றினோம், மறுபடி வந்தான். எங்களிடம் இருந்ததில் பாதி நடுவில் போய்விட்டது.

ஐந்தாவது சீட்டும் விழுந்த பிறகு யானைக்காரன், எங்களிடம் மிச்சமிருந்த பாதிக்குச் சமமாக மொத்தமாக வைத்தான்.

நடுவில் மூன்று இஸ்பேட்டு கிடந்தது. அவன் கையில் இரண்டு இஸ்பேட்டு இருந்தால் ஐந்தாகிவிடும்; ஒரே ஜாதியில் ஐந்து என்றால் மூன்று ராஜாவை விடப் பெரிசு, நாங்கள் தோற்றோம். எங்கள் மூன்று ராஜாவை வேறு எதுவும் ஜெயிக்க முடியாது.

"போடு" என்றார்.

நான் அமுக்கவில்லை.

"இன்னாமே பாக்கற? போடு. மூணு ராஜாமே!"

"இவன் இதுவரைக்கும் சும்மா ஏத்தினதே இல்லைங்க."

"எவனும் ஒரு நாளைக்கு ஏமாத்துவான். நம்மளப் பாத்து பயமுறுத்தறான். போடுமே!"

திரையில் நேரம் காட்டுகிற பச்சைக் கோடு குறுகிக்கொண்டே வந்தது. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நடுவில் அவ்வளவு கிடக்கிறது. இதே மாதிரி நாலு தடவை வந்தால், ஒரு தடவை அவன் பொய் சொல்லியிருந்தாலே எங்களுக்கு நஷ்டமில்லை. கணக்கு 'போடு' என்றுதான் சொன்னது. ஆனால் எங்களுக்கு நாலு தடவை எங்கே இருக்கிறது? ஒரு தடவைதான். வீங்கிய விரல்கள் மாவுக்கட்டுக்கு வெளியே கத்திரிக்காய் நிறத்தில் தெரிந்தன. மிச்சமிருக்கிற பாதியும் போனால் பாண்டிச்சேரிக்கு வண்டி வைக்கக்கூட வழியில்லை.

கோடு சிவப்பானது. அவர் கட்டுப்போட்ட கையைத் தூக்கி மாவுக்கட்டாலேயே திரையை அமுக்கப் பார்த்தார். வலியில் கத்தினார். நான் போனை மார்போடு அணைத்துக்கொண்டு 'விடு' என்பதை அமுக்கினேன்.

சீட்டு கவிழ்ந்தது. பணமெல்லாம் யானைப் பக்கம் நகர்ந்தது. விட்டுவிட்டால் எதிராளி தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. அவனும் காட்டவில்லை.

அவர் சுவர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சாயங்காலம் சோறு பிசைந்து எடுத்துப்போனேன், வாயைத் திறக்கவில்லை. தண்ணீரும் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் தட்டோடு வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். கோட்டை பார்த்துவிட்டு வந்த ஒரு குடும்பம் பஸ்ஸுக்கு வழி கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கை காட்டினேன்.

மறுநாள் வல்லத்திலிருந்து என் அண்ணன் வண்டி பிடித்து வந்தான். மிச்சமிருந்த பணத்தை எடுத்துக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் போனோம். வழியில் திண்டிவனம் தாண்டியதும்தான் அவர் வாயைத் திறந்தார்.

"கணக்கு இன்னா சொல்லிச்சு?"

"போடச் சொல்லிச்சு."

"அப்புறம் ஏன் விட்ட?"

"பயமா இருந்துச்சுங்க."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எனக்கும்தான்" என்றார். கண்ணீர் காதுப்பக்கமாக வழிந்தது. துடைக்க அவருக்குக் கை இல்லை, நான் துடைத்துவிட்டேன்.

இடது மணிக்கட்டைத் திரும்ப உடைத்துப் பிளேட் வைத்தார்கள். இன்னும் ஒரு வாரம் போயிருந்தால் விரல் தேறியிருக்காது என்றார் அங்கிருந்த டாக்டர். இப்போதும் அந்தக் கை முழுசாக மடங்காது. வலது கையை வைத்து மோட்டார் ரிப்பேர் கடை ஒன்றில் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறார். எனக்கு வேறு பள்ளியில் வேலை கிடைத்தது. அந்தச் செயலியை அவரே போனிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது சட்டம் போட்டுப் பண ஆட்டத்தையே நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள்.

அவன் கையில் இஸ்பேட்டு இருந்ததா என்று நாங்கள் இன்னும் சண்டை போடுவோம். இல்லவே இல்லை என்பார் அவர். சில நாள் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.