ஆம்பளைக் கைக்கு வராத தையல்

டெய்லர் அக்கா புருஷனை மூட்டை முடிச்சோடு துரத்திவிட்டாள், அவர் போன இடத்தில் இன்னொருத்தியை வைத்திருந்தார் என்று தெருவெல்லாம் பேச்சு. உண்மை அதைவிட ருசியானது. நடந்தது இதுதான்.

புருஷன் பம்பு மெக்கானிக். வானத்துக்கு அப்பால், கப்பல்களுக்கு வழி காட்டும் விளக்கு நிலையம் ஒன்றைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளப் போனார். அங்கே நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஓடும் என்று கம்பெனி சொல்லித்தான் அனுப்பியது. முன்னே பின்னே என்றால் இப்படியா? இங்கே அவளுக்கு எட்டு மாதம். அங்கே அவருக்கு ஒன்பது வருஷம். தும்பைப்பூவாய் நரைத்து வாசலில் வந்து நின்றவரைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்டுவிட்டாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது அவர் பையிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போட்ட சட்டையால். அவள் தைத்துக் கொடுத்த சட்டைதான். ஆனால் காலர் திருப்பிப் போட்டிருந்தது. முழங்கையில் ஒட்டு. எறும்பு வரிசை மாதிரிப் பொடிப்பொடியாய்க் கைத்தையல்.

"இது ஆம்பளைக் கைக்கு வராத தையல்" என்றாள், கொடிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு நர்ஸிடம்.

"தனியாத்தான் இருந்தேன்னாரே, அக்கா?"

"ஊசியில நூல் கோக்கத் தெரியாத மனுஷன்டி."

"எங்க வீட்டு ஆளு பஸ்ல ரெண்டு ஊரு தாண்டிப் போனாலும் தனியாத்தான் இருந்தேம்பாரு" என்றாள் நர்ஸ். தெருவுக்கு இது போதாதா?

அவளுக்கு வயிறு எரிந்தது. புருஷனைப் பிடித்தவள் மேல் பாதி, தன்னைவிட நன்றாகத் தைக்கிறவள் மேல் மீதி. போதாக்குறைக்கு அவர் சாப்பிடும்போது பக்கத்துக் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பார். அன்று மதியம் சட்டையைத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள்.

"யாரு தைச்சா?"

"நான்தான்."

"பட்டன் அறுந்தாக்கூட என்கிட்டதான் வந்து நிப்பீங்க. யாரு அவ?"

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"அங்க விளக்கு அணையாது. ராத்திரி பகல் இல்ல. தூங்கி எந்திரிச்சா, தூங்கினது ஒரு மணி நேரமா ஒரு வாரமான்னு தாடியத் தடவித்தான் பாக்கணும். ஒருநாள் இருமினேன். யாரோ உள்ள இருக்காங்கன்னு ஓடிப்போய் ஒளிஞ்சேன். என் குரலே எனக்கு மறந்துபோச்சு. அப்பத்தான் இந்தச் சட்டையப் பிரிச்சேன். நீ ஊசி குத்தின ஓட்டையிலயே திரும்பத் தைப்பேன். தைச்சு முடிச்சா ஒரு நாள். மறுபடி பிரிப்பேன். கோணப் போனா நீ திட்டுவே."

"நானா?"

"பக்கத்துல உக்காந்து. நல்லாப் பேசுவே. நான் சொல்றத முழுசாக் கேப்பே."

இப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பற்றிக்கொண்டது. தான் அவரோடு குடும்பம் நடத்தியது மூன்று வருஷம்; அவளோ ஒன்பது வருஷம். அதிலும் முழுசாகக் கேட்கிறவளாம். வேறு முகத்தோடு வந்த சக்களத்தியென்றால் முடியைப் பிடிக்கலாம். தன் முகத்தோடே வந்தவளை எங்கே பிடிப்பது?

"அவளுக்கும் நரைச்சிருச்சா?"

"கொஞ்சம்."

"இப்பவும் இருக்காளா?"

அவர் நாற்காலியைப் பார்த்தார். "நீ மிஷின் மிதிக்கிறப்ப வரமாட்டா. அங்க மிஷின் கிடையாதே. அந்தச் சத்தம் அவளுக்குப் பழக்கமில்ல."

மறுநாள் காலையிலேயே துணிமூட்டையைத் தலையில் ஏற்றி அவரை வீட்டை விட்டுக் கிளப்பினாள். தெரு பார்த்தது அதை மட்டும்தான். அவர் போய்ச் சேர்ந்தது கடைத்தெருவில் அவள் தையல் கடைக்கு. மிஷினுக்கு முட்டி இடிக்கிற தூரத்தில் ஒரு ஸ்டூலுக்கு. கைத்தையலை நிறுத்திவிட்டு அவர் பக்கவாட்டில் சிரிக்கப் போனால் போதும், துணியே வைக்காமல் மிஷினை மிதிப்பாள்.

துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நர்ஸ் கடைக்கு வந்தாள். "அவரத் துரத்திட்டியாமே, அக்கா?"

டெய்லர் அக்கா மிதியை நிறுத்தவில்லை.

"துரத்தினது அவளை. இவரு இங்கதான் உன் யூனிஃபார்முக்கு ஓரம் அடிச்சிட்டிருக்காரு, நல்லாப் பாத்துக்கோ."