நின்றுவிட்டதென்று நினைத்த மெஷின்

போன வருடம் ஆவணி மாதம், திருப்பூரில் எங்கள் நிட்டிங் பட்டறையின் ஆபீஸ் அறையில் நடந்தது இது. நாலு மெஷின் வைத்து, கம்பெனிகள் தரும் நூலை ஜாப் ஒர்க்கில் துணியாக ஓட்டிக் கொடுக்கிறோம். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எதற்கும் பயப்படுகிற சுபாவம். கரண்ட் போனாலும் எனக்குப் பயம், வந்தாலும் பயம் என்று வீட்டில் கேலி செய்வார்கள்.

மருமகள் கம்ப்யூட்டர் படித்தவள். துணியில் விழும் ஓட்டை, எண்ணெய்க் கறையையெல்லாம் கேமராவே கண்டுபிடிக்கும்படி ஒரு புரோகிராம் செய்துகொண்டிருந்தாள். மூன்று மாதமாக எங்கள் துணி ரோல்களையே ஆயிரக்கணக்கில் போட்டோ எடுத்து, ஒவ்வொரு பழுதையும் கட்டம் போட்டுக் குறித்திருந்தாள். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி திங்கட்கிழமை கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. பிடித்துப்போனால் அவர்கள் செக்கிங் பிரிவு முழுவதற்கும் அவளே செய்து கொடுக்கலாம்.

அந்தப் போட்டோக்களைப் பார்த்து புரோகிராம் பழகுவதற்கு, விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு வேண்டுமாம். வாங்கக் கட்டுபடியாகாது. எங்கோ இருக்கிற கம்ப்யூட்டரில் உள்ள கார்டை இன்டர்நெட் வழியாக மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாமாம். அவள் ஒரு இடத்தைப் பார்த்து வைத்திருந்தாள். நான்தான் சும்மா இருக்கவில்லை. எங்கள் தொழிலில் முதலில் ரேட் சொன்னவரிடம் யாரும் சரி என்று சொல்வதில்லை. நாலு இடத்தில் விசாரிக்கச் சொன்னேன். அவளும் பொறுமையாக நாலு ரேட்டையும் தாளில் எழுதிக் கொண்டுவந்தாள். எல்லாம் ஒரே கார்டுதான். ஆனால் கடைசி ரேட், முதல் ரேட்டில் பாதி.

"இது சல்லிசுதானுங்க மாமா. ஆனா நிறுத்துனா, நம்முளுது எதையும் வெச்சிருக்க மாட்டாங்க."

"நாம எதுக்குக் கண்ணு நிறுத்தறோம்?" என்றேன். சாயப்பட்டறையில் கிலோ ரேட்டைக் கேட்ட கையோடு, துணி எடையில் லாஸ் எவ்வளவு போகும் என்று கேட்கிறவன் நான். அன்றைக்கு அந்தப் பாதி ரேட்டைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

அந்தச் சல்லிசு இடத்திலேயே வியாழக்கிழமை ஓட ஆரம்பித்தது. ஞாயிறு காலை முடியும் என்றாள். சனிக்கிழமை, குன்னத்தூரில் ஒரு வளைகாப்புக்குப் போகும்போது லேப்டாப்பைத் திறந்தபடியே மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்தேன். திரையில் மேலே வாடகை ஏறிக்கொண்டே இருந்தது. கீழே எழுத்து ஒரு வரிகூட நகரவில்லை. ஒரு மணி நேரம் ஆகியும் அப்படியே இருந்தது. எங்கள் மெஷினில் ஊசி உடைந்தால் சிவப்பு லைட் எரிந்து மெஷின் நின்றுவிடும். அதே மாதிரிதான் இதுவும் என்று நினைத்தேன். நின்ற மெஷினுக்கு யாராவது வாடகை கொடுப்பார்களா? போன் செய்தேன், அவள் எடுக்கவில்லை. படபடப்பு தாங்காமல் நிறுத்துகிற பட்டனை அமுக்கினேன். ஆங்கிலத்தில் இரண்டு வரி ஏதோ கேட்டது. நிறுத்தட்டுமா என்றுதான் கேட்கிறது என்று நினைத்து, அதற்கும் ஆமாம் கொடுத்தேன். பெரிய நஷ்டத்தைத் தடுத்துவிட்ட நிம்மதியில் டீ குடிக்கப் போனேன்.

சாயங்காலம் வந்து பார்த்தவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு சுற்று முழுதாக முடிந்தால்தான் ஒரு வரி வருமாம். உள்ளே அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் ஆமாம் கொடுத்த அந்த இரண்டு வரி, எல்லாம் அழிந்துவிடும் என்ற எச்சரிக்கையாம். இரண்டு நாளாகப் பழகியதெல்லாம் அழிந்துபோயிருந்தது. மறுபடி தொடங்கினால் திங்கட்கிழமைக்குள் முடியாது.

"நின்னா நிக்குதுன்னு உட்டிருக்கலாமுங்களே மாமா" என்றாள்.

திங்கட்கிழமை போய், மறுபடி ஓட்டி அதுவரை பழகியிருந்ததை அரைகுறையாகக் காட்டிவிட்டு வந்தாள். கம்பெனியிலிருந்து பிறகு அழைப்பே வரவில்லை. வேறு யாரோ செய்த கேமராவை அங்கே மாட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இப்போது வேறொரு கம்பெனிக்காக மறுபடியும் செய்துகொண்டிருக்கிறாள். எங்கே எடுக்கிறாள், என்ன ரேட் என்று என்னிடம் சொல்வதில்லை. கேட்டால், "நான் பாத்துக்கறேனுங்க மாமா" என்று மரியாதையாகத்தான் சொல்கிறாள். ஊசி உடைந்து சிவப்பு லைட் எரியும்போதெல்லாம், அவளிடம் இன்னும் கேட்காத மன்னிப்பு என் தொண்டை வரை வந்து நின்றுவிடுகிறது.